உலைக்கூரையும் எமது தொழிற்கல்வியும்

யூபிலி மலரொன்றிலே தமிழாசிரியன் எழுதுவதென்றால், இலக்கியச் சுவை பற்றியோ கல்லூரியின் பழம்பெருமை பற்றியோ எழுதுவான் என்றே அன்பர்கள் எதிர்பார்ப்பர். தொழிற்சாலை உலைக்கு மேலே செங்கற்கூரை அமைக்கும் முறையைப் பற்றி அவன் எழுதப் புகுந்தால், "இவருக்கு இஃது ஏன்?" என்று கேட்பாரும் இருப்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு பொருளைப் பற்றித் தெளிவாகத் தமிழில் எழுத முடியுமா என்பது தமிழாசிரியனின் கேள்வி. அப்பொருளை எமது மாணவர் கற்கிறார்களா என்பது ஆசிரியன் எவனுக்கும் உரிய கேள்வி. இவ்விரண்டுக்கும் உலைக்கூரையைப் போல நல்ல உரைகல் வேறொன்று எனக்குத் தென்படவில்லை. எனது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன்: உலை கட்டும் அறிவு எமது பிரதேசத்திலே, எமது மொழியிலே, கரண்டி பிடிக்கும் மேசனுக்கும் எட்டும் வகையிலே இருத்தல் வேண்டும், அதற்குரிய தொடக்கத்தை எமது கல்லூரி போன்ற நிலையங்களே செய்தல் வேண்டும்.

உலை என்றதும் எங்கோ தூரதேசத்து உருக்காலையை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உலைகள் உள்ளன. படுவான்கரையின் நெல் எழுவான்கரைக்கு வந்து அரிசியாகும் வழியிலே, நெல் அவிப்பதற்கு நீராவி வேண்டும். நீராவிக்கு உமி எரியும் உலை வேண்டும். ஊருக்கு ஊர் பாண் சுடும் போறணை உண்டு. செங்கற் சூளை உண்டு. பெரிய அளவிலே பார்த்தால், 1956 இல் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை, எமது வயல் வைக்கோலையே மூலப்பொருளாகக் கொண்டு எழுந்தது. காகிதம் செய்வதற்கு வைக்கோல் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் நீராவி. நீராவிக் கொதிகலன் எதுவாயினும் அதன் அடியிலே நெருப்பும், நெருப்பைச் சூழச் சுவரும், நெருப்புக்கு மேலே ஒரு கூரையும் இருந்தே ஆகவேண்டும்.

இம்மூன்றினுள் மிகவும் துன்பப்படுவது கூரையே. சுவர் தன் பாரத்தைத் தனக்குக் கீழே உள்ள கல்லிலே இறக்கிவிட்டு நிற்கும். தளம் நிலத்திலே கிடக்கும். கூரைக்கோ கீழே ஒன்றுமில்லை, நெருப்பே உண்டு. வெப்பம் மேலெழும் இயல்புடையதாதலின் உலையின் கடுஞ்சூடும் அதனையே தாக்கும். அது விழுமாயின் உலை அணையும்; வேலை நிற்கும்; கீழே ஆள் நின்றால் உயிரும் போகும். ஆகவே உலை கட்டுவோனின் திறமை கூரையிலேதான் சோதிக்கப்படுகின்றது.

செங்கல்லால் வெற்றிடத்தை மூடுவதற்கு எமது முன்னோர் அறிந்திருந்த வழி வளைவு. பொலன்னறுவைக்குச் சென்றவர்கள் அங்குள்ள தூபாராமத்தைக் கண்டிருப்பர். செங்கல்லால் வளைத்து மூடிய அதன் கூரை இன்றும் நிலைத்து நிற்கின்றது. அதன் உள்ளே செல்வோர் முதலிற் காண்பது கூரையையன்று, சுவர்களின் தடிப்பையே. அத்துணைத் தடிப்பு வீண்செலவன்று. மதுரையிலே 1636 இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளும் அவ்வாறே பெருந்தூண்களின்மீது அமர்ந்துள்ளன. வளைவு எதுவாயினும் அது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகின்றது. இரு பக்கமும் தள்ளுகின்ற அவ்விசையைத் தாங்கவே சுவர் தடித்திருக்க வேண்டியுள்ளது.

அத்தள்ளுதல் எவ்வளவு என்பதை எமது மாணவன் ஒருவன் கரும்பலகையிலே கணக்கிட்டுக் காட்டலாம். 23 சதமமீற்றர், அதாவது 9 அங்குலத் தடிப்புள்ள தீச்செங்கற் கூரை, ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 460 கிலோகிராம் நிறையுடையது. உலையின் அகலம் 3 மீற்றர், வளைவின் உயரம் அதில் எட்டிலொரு பங்கு எனக் கொள்க. நிறையை அகலத்தின் வர்க்கத்தாற் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் வளைவு ஏறத்தாழ 1,400 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையுடன் வெளியே தள்ளுவதைக் காணலாம். அகலத்தை 6 மீற்றராக்கி, வளைவின் உயரத்தையும் அதற்கேற்ப இருமடங்காக்கினால் அவ்விசை ஏறத்தாழ 2,800 ஆகும். உயரத்தைக் கூட்டாது அகலத்தை மட்டும் இருமடங்காக்கினாலோ 5,500 ஆகிவிடும். அதாவது நான்கு மடங்கு. அகன்ற உலைக்குத் தட்டையான வளைவு ஏன் ஆகாது என்பதற்கு இதனிலும் எளிய விளக்கம் வேண்டியதில்லை.

கோயிலும் மாளிகையும் குளிர்ந்து நிற்பவை. உலை அவ்வாறன்று. சாதாரண தீச்செங்கல் 1,000 பாகை செல்சியசுக்குச் சூடேறும்போது நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலாக நீளும். புகையிரதத் தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விடுவதன் காரணத்தைக் கீழ்வகுப்பிலேயே படித்திருக்கின்றோம். அதே நியதி இங்கும் செயற்படுகின்றது. வளைவின் கற்கள் நீளும்போது செல்வதற்கு இடமின்றி, வளைவின் உச்சி மேலே எழும். சுவரின்மீதுள்ள தள்ளுதல் மாறும். இதற்காகவே உலையின் இருபுறமும் இரும்புப் புறத்தூண்களை நாட்டி, அவற்றை உலைக்கு மேலாகக் கம்பிகளால் இணைத்து, சூடேற்றும்போது அக்கம்பிகளின் சுரைகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியும், குளிரும்போது இறுக்கியும் பார்த்துக்கொள்வர். கவனக்குறைவான ஒருவன் கையில் அச்சுரைகள் இருந்தால் கூரையின் ஆயுளும் அவன் கையிலேதான்.

வளைவுக்கு இன்னுமொரு குறையுண்டு. அதில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கியே நிற்கின்றது. ஒற்றுமையின் பெருமைக்கு இதனை உவமையாகக் கூறுவதுண்டு. நெருப்பினிடத்தில் அவ்வுவமை மறுபக்கத்தையும் காட்டுகின்றது. சுவாலை நேரே படும் இடத்திலே பத்துக் கற்கள் தேய்ந்து உதிர்ந்தால், நல்ல நிலையிலுள்ள மற்றைய கற்களும் பிடிப்பிழந்து உடன் வீழும். பழுது ஓரிடத்தில், இழப்போ முழுக்கூரைக்கும். ஓரிடத்தை மட்டும் திருத்துவதற்கும் வழி குறைவு.

இக்குறைகளைத் தீர்ப்பதற்கு எழுந்ததே தொங்கற் கூரை. அதன் கருத்து மிக எளிது. கற்களை ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தாமல், உலைக்கு மேலே குளிர்ந்த வெளியிலே உருக்கு வளைகளை அமைத்து, அவற்றிலிருந்து கொளுவிகள் வாயிலாக ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே தூக்கிவிடுவது. கல்லின் மேல்நுனியிலே கொளுவி பிடிப்பதற்கென ஒரு தலையோ, பள்ளமோ, துளையோ செய்தே சூளையிட்டிருப்பர். வளைகளின் பாரம் உலைக்கு வெளியே உள்ள தூண்கள் வழியாக நிலத்தை அடைகின்றது. 3 மீற்றர் அகலமும் 4 மீற்றர் நீளமும் கொண்ட கூரையின் நிறை ஐந்தரைத் தொன் அளவாகும். அதில் ஒரு கிலோகூட உலைச்சுவரின்மேல் வராது. பக்கத்தள்ளுதல் அறவே இல்லை. சுவர் தன்னைத் தானே தாங்கினாற் போதும்.

"செங்கல்லைத் தொங்கவிட்டால் இற்றுவிடாதா?" என்று மாணவர் கேட்பர். செங்கல் நெருக்குதலைத் தாங்கும், இழுத்தலைத் தாங்காது என்பது உண்மையே. ஆனால் தொங்குகின்ற கல் தாங்கவேண்டியது தன் சொந்த நிறையை மட்டுமே. 23 சதமமீற்றர் நீளக் கல்லுக்கு அது ஒரு சதுர சதமமீற்றருக்கு 50 கிராமுக்கும் குறைவு. நல்ல கல்லுக்கு இது பொருட்டன்று. உண்மையான அபாயம் வேறு. உலைக்கதவைத் திறந்ததும் குளிர்காற்றுப் பட்டுச் சூடான முகம் சடுதியாகச் சுருங்கினால், கல் குறுக்கே வெடித்துக் கீழ்ப்பாதி உதிரும். அப்போதும் உதிர்வது அக்கல்லே. அயற்கற்கள் தத்தம் கொளுவியிலே நிற்கும். அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு உலையை மீண்டும் ஏற்றலாம். அகலத்துக்கும் எல்லையில்லை, கூரையைத் தட்டையாகவும் சரிவாகவும் படிப்படியாகவும், சுவாலையின் போக்குக்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்ளலாம்.

ஆயினும் இதனை வரைவோன் சில விதிகளை மறத்தலாகாது. முதலாவது, கொளுவி உலோகத்தாலானது. சாதாரண உருக்கு 550 முதல் 600 பாகை அளவிலே தன் வலிமையிற் பாதியை இழந்துவிடும். ஆகவே கொளுவி பிடிக்கும் இடம் காற்றோட்டமுள்ளதாய்க் குளிர்ந்திருத்தல் வேண்டும். சூடு அடைய நேருமிடங்களிற் குரோமியம் கலந்த வெப்பந்தாங்கு வார்ப்புகளை இடவேண்டும். வெப்பம் வீணாகின்றதே என்று இரங்கி, கூரையின் மேல் சாம்பலையும் மண்ணையும் கொட்டி மூடுவது பெருந்தவறு. மூடியதும் கல் முழுவதும் சூடேறும். கொளுவியும் உடன் சூடேறும். விறகுக்காக மீதப்படுத்திய பணம் கூரையோடு போய்விடும். வெப்பக்காப்பு வேண்டுமாயின், உலோகம் அதற்கு வெளியே நிற்கும்படியாகக் கணக்கிட்டே இடல் வேண்டும்.

இரண்டாவது, விரிவுக்கான இடைவெளி. 4 மீற்றர் நீளத் தீச்செங்கற் கூரை 1,000 பாகையில் 20 முதல் 24 மில்லிமீற்றர் வரை நீளும். மகனீசியாக் கற்களாயின் 50 மில்லிமீற்றருக்கும் மேல். இவ்விடைவெளியை ஓரிடத்திலே விடாமற் பல இடங்களிலே பகிர்ந்து, ஒரு கல்லின் உதடு மற்றதன்மேற் படியுமாறு அமைத்தால் நெருப்பு ஊடுருவாது. மூன்றாவது, உலையின் உள்ளமுக்கம். சூடான வாயு மேலே திரள்வதாற் கூரையின் கீழே அமுக்கம் மிகும். புகைபோக்கியின் இழுவையைச் சீர்செய்யாவிடின், இடுக்குகளினூடே சுவாலை மேலேறிக் கொளுவியை எரித்துவிடும். இழுவை மிகுந்தாலோ குளிர்காற்று உட்புகுந்து விறகைத் தின்னும். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது" என்பர் பெரியோர். உலையின் வாயை மூடுவதும் அத்துணை எளிதன்று என்பதை உலை கட்டியவன் அறிவான்.

உலகத்து உருக்குத் தொழிலிலே இக்கூரை பெற்ற இடம் சிந்திக்கத்தக்கது. நெடுங்காலம் திறந்த அடுப்பு உலைகள் எனப்படும் பேருலைகளுக்குச் சிலிக்காச் செங்கல்லாலான வளைவே கூரையாக இருந்தது. சிலிக்கா ஏறத்தாழ 1,700 பாகையிலே உருகும். ஆனால் அவ்வெல்லையை அணுகும் வரையும் பாரத்தைத் தாங்கி விறைப்பாக நிற்கும் குணமுடையது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், உலையினுள்ளே ஒட்சிசனைச் செலுத்தி உருக்கை விரைவாக ஆக்கத் தலைப்பட்டபோது, வெப்பம் சிலிக்காவின் எல்லையைத் தொட்டது. கூரை வியர்த்துச் சொட்டத் தொடங்கியது. 2,800 பாகைக்கு மேலே உருகும் மகனீசியாவைக் கொண்ட கற்கள் கையில் இருந்தன. ஆனால் அவை சூட்டிலே பாரம் ஏறினால் இளகுபவை. சிலிக்காவைப் போல வளைவில் நெருங்கி நின்று தள்ளுதலைத் தாங்கமாட்டாதவை. 1950 களிலும் 1960 களிலும் அவற்றைத் தூக்கித் தொங்கவிட்டே பேருலைக் கூரைகளை அமைத்தனர். நெருப்பைத் தாங்குவது வேறு, பாரத்தைத் தாங்குவது வேறு. ஒன்றிலே வல்லதை மற்றதற்கும் நிறுத்தலாகாது என்பதைப் பொறியியலாளர் இவ்வாறு உணர்ந்தனர். வகுப்பறையிலே மாணவரின் திறமைகளை நிறுக்கும் எமக்கும் இது பயன்படும் பாடமே.

அம்மகனீசியாவுக்குரிய தாது எமக்கு அயலிலேயே உண்டு. சேலம் நகரை அடுத்து வெள்ளை வெளேரெனத் தோன்றும் குன்றுகளை ஆங்கிலேயர் சுண்ணக்கட்டிக் குன்றுகள் எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். உண்மையில் அங்கு வெளுத்துத் தோன்றுவது மகனசைற்று என்னும் தாதுவே. இந்தியாவிலே 1959 இல் பிலாயிலும் ரூர்கேலாவிலும் பெரும் உருக்காலைகள் தொழிற்படத் தொடங்கின. பிலாய் திறந்த அடுப்பு உலையைக் கைக்கொண்டது. ரூர்கேலா, ஒஸ்திரியாவின் லின்சு நகரிலே 1952 இல் நடைமுறைக்கு வந்த ஒட்சிசன் முறையைக் கைக்கொண்டது. பின்வந்த முறையே உலகெங்கும் வென்றது. திறந்த அடுப்பு உலைகள் படிப்படியாக மறைந்தன. ஆனால் தொங்கற் கூரை மறையவில்லை. உருக்குக் கட்டைகளை 1,200 பாகை அளவுக்குச் சூடேற்றி உருட்டும் ஆலைகளிலும், கொதிகலன்களிலும், வேறு பல உலைகளிலும் அது இன்றும் வழங்குகின்றது. கற்களுக்குப் பதிலாக, சுடுமண் நங்கூரங்களைத் தொங்கவிட்டு, தீத்தாங்கு சாந்தை அவற்றைச் சூழ வார்க்கும் புதிய முறையும் அக்கருத்தின் வழிவந்ததே.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "வாவிக்கரையிலே பாண் சுடுபவனுக்கு உருக்காலைக் கூரை எதற்கு?" என்று ஒருவர் வினவலாம். அவர் வினாவிலே உண்மையுண்டு. போறணைக்கு வளைவே தக்கது. அதன் அகலம் சிறிது, வெப்பமும் குறைவு, தள்ளுதலைத் தடித்த சுவர் தாங்கிக்கொள்ளும், வளைந்த கூரை வெப்பத்தைத் தேக்கிப் பாணின்மீது சமமாக வீசும். அங்கே கொளுவியும் வளையும் இடுவது பணத்தை நெருப்பிலிடுவதாகும். தொங்கற் கூரைக்கு விசேட அச்சுக் கற்கள் வேண்டும், உருக்கு வேண்டும், செலவு அதிகம். வளைவு போதுமான இடத்தில் வளைவே நன்று. எனது வாதம் தொங்கற் கூரையை எங்கும் கட்டுக என்பதன்று. எங்கே வளைவு போதும், எங்கே போதாது என்று கணக்கிட்டுச் சொல்லக்கூடிய ஒருவன் எமது ஊரிலே இருத்தல் வேண்டும் என்பதே. நெல் ஆலைக்காரர் தமது உமி உலையை அகலமாக்க விரும்பும் நாளில், பழைய வளைவையே கொஞ்சம் நீட்டிக் கட்டிவிடும் மேசனுக்கு, உயரம் கூட்டாமல் அகலத்தை இருமடங்காக்கினாற் சுவரின்மீது நான்கு மடங்கு விசை ஏறும் என்று யார் சொல்வது? அவர் கையில் அனுபவம் உண்டு, கணக்கு இல்லை. எமது மாணவன் கையிற் கணக்கு உண்டு; அவன் கரண்டி பிடித்ததில்லை. இருவரும் ஒரே ஊரிலே பிறந்தும் சந்திப்பதில்லை.

இவ்வறிவு எமக்கு அந்நியமானதுமன்று. சமனலவௌப் பகுதியின் மேற்குநோக்கிய மலைச்சரிவுகளிலே, தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பும் உருக்கும் ஆக்கிய உலைகளை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்தனர். கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை அங்கே அத்தொழில் நடந்ததாகக் கணிக்கப்பட்டு, அவ்வாய்வு 1996 இல் உலகறியும் விஞ்ஞான இதழில் வெளியாயிற்று. அவ்வுலைகள் மேலே மூடப்படாதவை. முன்சுவரோ ஒவ்வோர் உருக்கலுக்கும் புதிதாகக் கட்டப்பட்டது. கூரையின் தொல்லையைக் கூரையின்றியே தீர்த்த அறிவு அது! பின்னாளில் எமது நாட்டுக் காரீயம், உலோகம் உருக்கும் மூசைகளுக்காக மேனாடுகளுக்குக் கப்பலேறியது. எமது நெல்லைக் குற்றினால் வரும் உமி, நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு; உமியை எரித்தால் எஞ்சும் சாம்பல் உமியின் ஐந்திலொரு பங்கு; அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. வெளிநாட்டு உருக்காலைகளிலே உருகிய உருக்கின்மேல் வெப்பக்காப்பாகத் தூவப்படுவது இத்தகைய உமிச்சாம்பலே. நாமோ அதனை ஆலையின் பின்புறத்திலே குவித்துக் காற்றிலே பறக்கவிடுகின்றோம்.

தொழிற்சாலை ஒன்று நிற்கும்போது எவற்றை இழக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, போர்ச் சூழலிலே 1990 இல் நின்றது. வாழைச்சேனை ஆலையும் பலகாலம் தளர்ந்து, ஆண்டுக்கணக்கில் மூடுண்டு கிடந்தது. யந்திரம் துருப்பிடிப்பதை எல்லாரும் காண்கின்றனர். சுழலும் உலையினுள்ளே வளையம் வளையமாகக் கல் அடுக்கத் தெரிந்த கைகளும், கொதிகலனின் சூட்டைக் கண்ணால் மதிக்கத் தெரிந்த கண்களும் முதுமையடைந்து மறைவதை எவரும் காண்பதில்லை. யந்திரத்தைப் பணம் கொடுத்து மீண்டும் வாங்கலாம். எழுதி வைக்கப்படாத அறிவை எங்கே வாங்குவது?

இங்கேதான் தமிழாசிரியனின் பங்கு தொடங்குகின்றது. காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானம் கற்று, இரசாயனம் கற்பித்து, பின்னர் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். 1930 களிலே தமிழ்நாட்டிலே கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. விஞ்ஞானத்துக்கும் தமிழுக்கும் இடையே மதில் இல்லை என்பதைத் தம் வாழ்க்கையாற் காட்டிய அவர் பிறந்த மண்ணிலே, உலையைப் பற்றித் தமிழில் எழுதுவதை விந்தையாகக் கருதுவது பொருந்தாது. எனினும் சொல்லாக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்துண்டு. அகராதியைப் பார்த்து அறையினுள்ளே இருந்து ஆக்கும் சொற்கள் பல அறையினுள்ளேயே தங்கிவிடுகின்றன. மேசன்மார் 'பயர் பிரிக்' என்கின்றனர், போறணை என்கின்றனர், கொளுவி என்கின்றனர். போறணை போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். இன்று அதனை எவர் அந்நியமென்பர்? வழக்கிலுள்ளதை முதலிலே கேட்டறிந்து, அதனோடு பொருந்தும் புதுச்சொல்லை வேண்டிய இடத்தில் மட்டும் சேர்க்கவேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் ஒரு நாளாவது உலைவாயிலின் முன்னே நின்று வியர்த்தல் நன்று.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரிய கலாசாலையிலே நாம் கற்ற முதல் விதி. 2013 முதல் க.பொ.த. உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு நடைமுறையில் உள்ளது. நல்ல மாற்றமே. ஆனால் குறிப்பேட்டிலே வளைவின் படத்தைப் பார்த்து வரைந்து நிறமூட்டுவதோடு பாடம் முடியுமாயின், அது தொழினுட்பமாகாது, சித்திரமே ஆகும். மாணவர் ஊரிலுள்ள போறணையிலிருந்து தொடங்கட்டும். அதன் அகலத்தையும் உயரத்தையும் அளக்கட்டும், தள்ளுதலைக் கணக்கிடட்டும், பின்பு வாவிக்கு அப்பாலுள்ள உலகத்தை அறியட்டும்.

யூபிலி வந்தால் நினைவாக வாயில் வளைவொன்று கட்டுவது எமது நாட்டு வழக்கம். அதிற் குற்றமில்லை, அழகும் ஒரு தேவையே. பழைய மாணவர் சங்கத்தாருக்கு எனது விண்ணப்பம் ஒன்றே: அவ்வளவிலே நின்றுவிடாதீர்கள். கல்லூரி வளவின் ஒரு மூலையிலே ஒரு சிறு தொழிற்கூடம் அமையுங்கள். அதிலே சாந்தில்லாமல் அடுக்கி, ஒவ்வோர் ஆண்டும் கலைத்துக் கட்டக்கூடிய ஒரு வளைவும், பத்துக் கற்களையேனும் கொளுவியிலே தூக்கிய ஒரு தொங்கற் கூரையும் இருக்கட்டும். வளைவிலிருந்து ஒரு கல்லை எடுத்தால் என்ன நேர்கின்றது, தொங்குவதிலிருந்து ஒரு கல்லை எடுத்தால் என்ன நேர்கின்றது என்பதை மாணவன் தன் கண்ணாற் காணட்டும். ஊர் மேசன் ஒருவரை ஆண்டுக்கு இருமுறை அழைத்து ஆசிரியராக அமர்த்துங்கள். அவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதையும் ஊதியமும் அளியுங்கள். கடல்கடந்த நாடுகளிலே சீமெந்து, கண்ணாடி, அலுமினிய ஆலைகளில் அலுவல் பார்க்கும் எமது பழைய மாணவர்களே! நீங்கள் அனுப்பும் பணத்தைக் கல்லூரி நன்றியோடு ஏற்கும். பணத்தோடு பத்துப் பக்கமும் அனுப்புங்கள். உங்கள் கைக்கூடாகச் சென்ற வேலையைத் தமிழிலே, உங்களுக்கு வரும் தமிழிலே, எழுதி அனுப்புங்கள். பிழை திருத்துவதற்கு இங்கே தமிழாசிரியர்கள் இருக்கின்றோம். பத்து ஆண்டுகளில் அது ஒரு நூலாகும். அந்நூல் உமி உலைக்காரரின் மேசையிலும், மாணவனின் மேசையிலும் ஒருங்கே இருக்கும்.

இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. சில நூறு செங்கற்களும், இரண்டு இரும்பு வளைகளும், ஊரிலே ஒரு மேசனும், அவர் சொல்வதைக் கேட்டு எழுத ஒரு மாணவனும் போதும். அடுத்த யூபிலி மலரிலே, எமது பிரதேசத்து நெல் ஆலையொன்றின் உலைக்கூரையை எமது மாணவனே கணக்கிட்டு, எமது மேசனே கட்டி, அது விழாமல் நிற்கின்றதென்னும் செய்தியை எவராவது எழுதுவாராயின், இம்மலருக்கு அதனிலும் சிறந்த அணி வேண்டியதில்லை.